2012-ல் அறிவித்த கேம் இன்னும் ஆல்ஃபாவில்: 'ஸ்டார் சிட்டிசன்' ஏன் இவ்வளவு தாமதம், இப்போ காசு போடலாமா?

2012 அக்டோபரில் கிறிஸ் ராபர்ட்ஸ் என்ற கேம் இயக்குநர் ஒரு விண்வெளி ஆன்லைன் கேமை அறிவித்தார். அப்போது நீங்கள் பத்தாம் வகுப்பில் இருந்திருந்தால், இந்நேரம் காலேஜ் முடித்து, வேலைக்குச் சேர்ந்து, கம்பெனி மாறி, ஒரு பைக் லோனையும் கட்டி முடித்திருப்பீர்கள். கேம் இன்னும் முடியவில்லை.

ஆனால் அதற்கு ரசிகர்கள் கொடுத்த பணம் 80 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. நம்ம கணக்கில் 6,500 கோடி ரூபாய்க்கு மேல். எந்தப் பெரிய பதிப்பகமும் போட்ட பணம் இல்லை இது. பெரும்பகுதி, உங்களையும் என்னையும் போன்றவர்கள் கார்டைத் தேய்த்துக் கொடுத்தது.

இப்போது மறுபடி இந்தப் பேச்சு சூடாகியிருக்கிறது. காரணம், இதே திட்டத்தின் கதைப் பகுதியான 'ஸ்க்வாட்ரன் 42' 2026-ல் வெளியாகும் என்று நிறுவனம் சொல்லியிருப்பது. உங்கள் டிஸ்கார்ட் குரூப்பிலோ ஆபீஸ் கேமிங் வாட்ஸ்அப்பிலோ யாராவது ஒருத்தர் கப்பல் படம் ஒன்றைப் போட்டு "வாங்கிடலாமா மச்சி?" என்று கேட்டிருக்கலாம். பதில் சொல்லும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

இது என்ன மாதிரி கேம்?

உண்மையில் ஒரே பெயரில் பேசப்படும் இரண்டு கேம்கள்.

முதலாவது 'ஸ்டார் சிட்டிசன்'. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வாழும் ஆன்லைன் பிரபஞ்சம். காலையில் ஒரு சின்ன அறையில் படுக்கையிலிருந்து எழுகிறீர்கள். லிஃப்டில் இறங்கி, ரயில் பிடித்து விண்வெளி நிலையத்துக்குப் போகிறீர்கள். கப்பலை வரவழைத்து, அதன் படியில் ஏறி, உள்ளே நடந்துபோய் இருக்கையில் உட்கார்ந்து கிளப்ப வேண்டும். கோளின் காற்று மண்டலத்தைத் தாண்டி விண்வெளிக்குப் போய் இன்னொரு நிலவில் இறங்கும்வரை 'லோடிங்' திரை ஒன்றுகூட வராது. முதல்முறை பார்ப்பவருக்கு இது தரும் பிரமிப்பு நிஜம். இத்தனை வருஷம் இந்த கேம் உயிரோடு இருக்க முக்கியக் காரணமே அந்த முதல் ஒரு மணி நேரம்தான்.

சரக்கு ஏற்றலாம், சுரங்கம் தோண்டலாம், கொள்ளையடிக்கலாம், கொள்ளையரைப் பிடிக்கலாம், அடிபட்டவரை மீட்கும் ஆம்புலன்ஸ் ஓட்டலாம். ஸ்டான்டன் என்ற சூரிய மண்டலத்தில் நான்கு கோள்கள். நான்கையும் அரசு நான்கு கார்ப்பரேட் நிறுவனங்களுக்கு விற்றுவிட்டது என்பது கதை. ஓ.எம்.ஆரில் வேலை பார்ப்பவர்களுக்கு ஊர் அந்நியமாகத் தெரியாது.

இரண்டாவது 'ஸ்க்வாட்ரன் 42'. இது தனி ஆளாக ஆடும் கதை கேம். மார்க் ஹாமில், கேரி ஓல்ட்மேன், ஜில்லியன் ஆண்டர்சன், ஹென்றி கவில் எனப் பெரிய நடிகர் பட்டாளம் நடித்து, உடலசைவையும் முகபாவத்தையும் பதிவு செய்து உருவாக்கியது. முடிக்க 30 முதல் 40 மணி நேரம் ஆகும் என்கிறார்கள்.

கிறிஸ் ராபர்ட்ஸ் புது ஆள் கிடையாது. 1990-ல் 'விங் கமாண்டர்' என்ற விண்வெளிப் போர் கேமை உருவாக்கியவர். 1994-ல் அதன் மூன்றாம் பாகத்தில் மார்க் ஹாமிலையே நடிக்க வைத்து, சினிமா மாதிரி காட்சிகளை கேமுக்குள் கொண்டுவந்தார். அப்புறம் 'ஃப்ரீலான்சர்' என்று ஒரு கனவுத் திட்டம். நேரமும் பணமும் எகிற, அவரது நிறுவனத்தை 2000-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அவர் விலகினார். கேம் 2003-ல், அவர் ஆரம்பத்தில் சொன்ன பலவற்றைக் குறைத்துக்கொண்டு, வெளிவந்தது. இந்த ஒரு சம்பவத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே "போதும், நிறுத்து" என்று சொல்ல ஒரு முதலாளி இருந்தார். 'ஸ்டார் சிட்டிசன்' அப்படி ஒருவர் இல்லாமல் இருக்கவே ரசிகர்களிடம் நேரடியாகப் பணம் கேட்டு ஆரம்பிக்கப்பட்டது.

கதை ஒன்று, ஆன்லைன் ஒன்று என்று ஏன் பிரித்தார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், இனி எந்தக் 'கதையோடு வரும் மல்டிபிளேயர் விண்வெளி கேம்' ட்ரெய்லரைப் பார்த்தாலும் பாதி விஷயம் புரிந்துவிடும். அதற்கு 2011-க்குப் போக வேண்டும்.

'பயோவேர்' என்ற கனடா நிறுவனம் 2008 அக்டோபரில் 'ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்' கேமை அறிவித்தது. அவர்களே 2003-ல் செய்த 'நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்' கதைக்காகவே கொண்டாடப்பட்ட கேம். அதே தரத்தில், ஆனால் லட்சக்கணக்கானோர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் உலகமாக அடுத்தது வரும் என்றார்கள். மூன்று வருஷம் எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே போனது. அதுவரை ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேம்களில் கதை என்றால், தலைக்கு மேல் ஆச்சரியக்குறி மிதக்கும் ஒருவரிடம் போய், பத்தி பத்தியாக இருக்கும் எழுத்தைப் படிக்காமல் 'ஓகே' அழுத்துவதுதான். இங்கே ஒவ்வொரு வசனத்துக்கும் நடிகர் குரல். மொத்தம் 2 லட்சத்துக்கு மேல் வசன வரிகள். கின்னஸ் சாதனையாகவே பதிவானது.

இங்கேதான் முதல் சிக்கல். கதை என்றால் ஒரு நாயகன் வேண்டும். ஆன்லைன் கேமில் எல்லோருமே நாயகன். ஒரே கல்யாண மண்டபத்தில் ஆயிரம் மாப்பிள்ளைகள் மாலையோடு நிற்பது மாதிரி. "இந்த அண்டத்தைக் காப்பாற்ற உன் ஒருவனால்தான் முடியும்" என்று ஒரு பாத்திரம் உங்களிடம் உருக்கமாகச் சொல்லும்போது, அடுத்த ஆள் அதே வசனத்தைக் கேட்க வரிசையில் காத்துக்கொண்டிருப்பார்.

பயோவேர் இதற்கு நல்ல விடை ஒன்றைக் கண்டுபிடித்தது. எட்டு தொழில், எட்டு தனிக் கதை. ஜெடை வீரன், கடத்தல்காரன், சிப்பாய், பேரரசின் உளவாளி என நீங்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதற்கேற்ற கதை மட்டும் உங்களுக்கு. முக்கியமான காட்சிகள் உங்களுக்கென்றே உருவாகும் தனி அறைகளில் நடக்கும். நண்பர்களோடு சேர்ந்து போனால், உரையாடலில் ஒவ்வொருவரும் ஒரு பதிலைத் தேர்வு செய்வார்கள். பகடை உருளும். யாருக்கு அதிக எண் விழுகிறதோ அவர் தேர்ந்தெடுத்த வசனம் பேசப்படும். கைதியை விடுவிக்க நீங்கள் நினைத்திருப்பீர்கள், நண்பருக்குப் பகடை விழுந்து கைதியின் கதை அங்கேயே முடியும். கூட்டமாக இருந்தும் கதை நகரும் அந்தச் சின்ன யோசனைதான், என் கணக்கில், அந்த கேமின் மிக அழகான விஷயம்.

2011 டிசம்பர் 20 அன்று வெளியானது. மூன்றே நாளில் 10 லட்சம் சந்தாதாரர்கள். 2012 பிப்ரவரியில் 17 லட்சம். மே மாதம் 13 லட்சம். ஜூலை முடிவில் 10 லட்சத்துக்கும் கீழே. மாதம் 15 டாலர் சந்தா என்று ஆரம்பித்த கேம், ஒரு வருஷம் முடியும் முன்பே, நவம்பர் 15 அன்று, இலவசமாக ஆடலாம் என்று மாறியது.

கதை நன்றாக இல்லையா? நன்றாகத்தான் இருந்தது. உளவாளியின் கதையை இன்றும் பலர் சிலாகிக்கிறார்கள். பிரச்னை வேறு. வருஷக்கணக்கில் எழுதி, நடித்து, பதிவு செய்த கதையைச் சிலர் சில வாரங்களில் ஆடி முடித்துவிட்டார்கள். தீபாவளிப் பலகாரத்தை வீடே பத்து நாள் உட்கார்ந்து சுட்டு, தட்டு ஒரே மாலையில் காலியானால் எப்படி இருக்கும்? சந்தா கட்டுபவர் அடுத்த மாதம் "அடுத்து என்ன?" என்று கேட்பார். எழுத்து மட்டும் இருக்கும் கேமில் புதுப் பணி ஒன்றைச் சில நாட்களில் சேர்த்துவிடலாம். எட்டுக் கதைகளுக்கும் நடிகரை வரவழைத்து, மூன்று மொழிகளில் குரல் பதிவு செய்து சேர்ப்பதற்கு மாதங்கள் ஆகும். கதை தீர்ந்த பிறகு ஆளைப் பிடித்துவைக்கும் கூட்டு விளையாட்டு போதவில்லை. போனார்கள்.

இதில் இன்னொரு சின்ன உறுத்தலும் உண்டு. நீங்கள் வசனத்தை ரசித்துக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களோடு வந்தவர் இதே இடத்தை நாலாவது தடவை ஆடுகிறார். அவர் ஸ்பேஸ்பாரைத் தட்டித் தட்டி முடித்துவிட்டு, "சீக்கிரம் ப்ரோ" என்பார். கதைக்கு வேண்டியது நிதானம், கூட்டத்துக்கு வேண்டியது வேகம்.

2015-ல் பயோவேர் இறங்கிவந்தது. 'நைட்ஸ் ஆஃப் தி ஃபாலன் எம்பயர்' என்ற விரிவாக்கத்தில் எட்டுக் கதையும் ஒரே கதையாக இணைந்தது, கிட்டத்தட்ட தனியாகவே ஆடும்படி. அந்த கேம் செத்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023-ல் 'பிராட்ஸ்வோர்ட்' என்ற சின்ன நிறுவனத்தின் கைக்கு மாறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டுக் கதைகளையும் இன்று காசில்லாமலே ஆடலாம்.

கிறிஸ் ராபர்ட்ஸ் தனது திட்டத்தில் கதையைத் தனிப் பெட்டியில் வைத்ததை இந்தப் பின்னணியில் பாருங்கள். 'ஸ்க்வாட்ரன் 42'-ல் நீங்கள் ஒருவர்தான் நாயகன், யாரும் ஸ்பேஸ்பார் தட்ட மாட்டார்கள். 'ஸ்டார் சிட்டிசனில்' நீங்கள் ஆயிரத்தில் ஒரு பிரஜை, கதை நீங்களே உருவாக்கிக்கொள்வது. கேம் வடிவமைப்பாக இது புத்திசாலித்தனமான முடிவு என்றே நினைக்கிறேன். விலை என்னவென்றால், ஒரே நேரத்தில் இரண்டு பெரிய கேம்களைச் செய்தாக வேண்டும்.

சரி, ஏன் இத்தனை வருஷம்?

ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: ஸ்கோப் க்ரீப்.

2012-ல் 'கிக்ஸ்டார்ட்டர்' தளத்தில் 21 லட்சம் டாலர், தங்கள் சொந்தத் தளத்தையும் சேர்த்து 62 லட்சம் டாலர் திரட்டினார்கள். 2014 நவம்பரில் கேம் தருவதாகச் சொன்னார்கள். பணம் வரவர, "இத்தனை லட்சம் வந்தால் இந்த அம்சம் சேர்ப்போம்" என்று பட்டியல் நீண்டது. சாதாரணமாக க்ளையன்ட் ஒரு சேஞ்ச் ரெக்வஸ்ட் கொடுத்தால், "அதுக்கு இத்தனை நாள் ஆகும்" என்று மேனேஜர் மல்லுக்கட்டுவார். இங்கே க்ளையன்ட்டே புது அம்சத்துக்குப் பணத்தையும் சேர்த்துத் தருகிறார். யார் வேண்டாம் என்பார்? கேம் வெளியாகும்போது 100 சூரிய மண்டலங்கள் இருக்கும் என்பது அந்தக் காலத்து வாக்குறுதி. 2024 அக்டோபரில் நடந்த ரசிகர் மாநாட்டில், 1.0 பதிப்பில் ஐந்து மண்டலங்கள் இருக்கும் என்றார்கள்.

இது வெறும் ஏமாற்று என்று சொல்பவர்களும் உண்டு. 100 ஐந்தாகச் சுருங்கியதன் பின்னால் நேர்மையான ஒரு காரணமும் இருக்கிறது. 2012-ல் திட்டமிட்ட கோள் என்பது, கப்பல் இறங்குவதைக் காட்டும் ஒரு காட்சி, அதற்கப்புறம் சின்னதாக ஓர் ஊர். பிறகு முழுக் கோளையுமே, எந்த மூலையிலும் இறங்கி நடக்கும்படி உருவாக்கும் நுட்பம் கைகூடியது. 2017 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில் அது ரசிகர்கள் கைக்கு வந்தது. ஒரு கோளுக்கான வேலை பல மடங்கானது. ஆனால் அந்த நேரத்திலேயே "100 இனி சாத்தியமில்லை" என்று உரக்கச் சொல்லியிருக்கலாம். கப்பல் விற்பனைக்கு இருந்த விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தத் திருத்தத்துக்கு இல்லை.

இன்னொரு உண்மையான தடை, சர்வர். வழக்கமாக இம்மாதிரி கேமில் ஒரு சர்வர் ஒரு உலகத்தைப் பார்த்துக்கொள்ளும். அதில் நூறு பேருக்கு மேல் ஏறினால் திணறும். பத்தாயிரம் பேரைச் சேர்க்க, உலகத்தைப் பிரதிகளாக்குவார்கள். நீங்கள் ஒரு பிரதியில், நண்பர் இன்னொன்றில். 'ஸ்டார் சிட்டிசன்' செய்ய நினைப்பது வேறு. ஒரே உலகத்தைப் பல துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு சர்வரிடம் கொடுத்துவிட்டு, எல்லைக் கோடு யார் கண்ணுக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது. இதற்கு 'சர்வர் மெஷிங்' என்று பெயர். நீங்கள் இந்தச் சர்வரில் நின்று சுடுகிறீர்கள். குண்டு போகும் வழியில் எல்லையைத் தாண்டுகிறது. அடுத்த சர்வரில் இருப்பவர் மேல் படுகிறது. அவர் விழுந்தாரா இல்லையா என்று இரண்டு சர்வரும் ஒரே பதில் சொல்ல வேண்டும், அதுவும் கண் இமைக்கும் நேரத்தில். டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் வேலை பார்ப்பவர்கள் இதைப் படிக்கும்போதே தலையில் கை வைத்திருப்பார்கள்.

2024 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பில் இதன் முதல் வடிவம் வேலை செய்யத் தொடங்கியது. நூறு பேர் என்ற எல்லை ஐந்நூறாக உயர்ந்தது. பைரோ என்ற இரண்டாவது சூரிய மண்டலமும் அப்போதுதான் திறந்தது. அறிவித்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து இரண்டாவது மண்டலம்.

கேம் வராமலே 80 கோடி டாலர் எப்படி வந்தது?

கப்பல் விற்று.

கேமுக்குள் ஓட்டும் கப்பல்களை நிஜப் பணத்துக்கு விற்கிறார்கள். தொடக்கநிலைக் கப்பலோடு கேம் வாங்க சுமார் 45 டாலர். அதற்கு மேல் நூறு, முந்நூறு, ஆயிரம் டாலர் கப்பல்களும் உண்டு. 2018-ல் 27,000 டாலருக்கு ஒரு தொகுப்பு விற்பனைக்கு வந்தது. அன்றிருந்த ஏறக்குறைய எல்லாக் கப்பலும் அதில் அடக்கம். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவே நீங்கள் ஏற்கெனவே 1,000 டாலர் செலவழித்திருக்க வேண்டும் என்பது விதி. பட்டுப் புடவைக் கடையில்கூட மாடி ஏற டிக்கெட் கேட்பதில்லை!

இன்னும் உருவாக்கப்படாத கப்பல்களையும் விற்கிறார்கள். ஓவியமும் விவரக்குறிப்பும் இருக்கும், கப்பல் பிற்பாடு வரும். அதுவரை வேறொரு கப்பல் இரவல். சில கப்பல்களுக்கான காத்திருப்பு வருஷக்கணக்கில் போகிறது. 2021-ல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம், இப்படி இன்னும் தயாராகாத கப்பல் என்பதை விளம்பரத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என நிறுவனத்துக்கு அறிவுறுத்தியது.

2016-ல் இன்னொன்று நடந்தது. சொன்ன தேதியிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குள் கேம் வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று பயன்பாட்டு விதிகளில் ஓர் உறுதி இருந்தது. நிறுவனம் உருவாக்கத்தையே கைவிட்டால்தான் அந்தப் பேச்சு என்கிற மாதிரி அதை மாற்றினார்கள். 'ஐ அக்ரீ' அழுத்தும்போது யாரும் படிக்காத பகுதியில்தான் இது இருந்தது.

நியாயமாக எதிர்ப்பக்கத்தையும் வைக்க வேண்டும். ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கை வெளியிடுகிறார்கள். என்ன வேலை நடக்கிறது என்று வீடியோ போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இன்றைக்கும் உள்ளே போய் ஆட ஓர் உலகம் இருக்கிறது. பல கப்பல்களை, பொறுமையாக உழைத்து, கேம் காசிலேயே வாங்கவும் முடியும். எனவே 'மோசடி' என்ற சொல் பொருந்தாது. எனக்கு உறுத்துவது அதன் பொருளாதாரம். மற்ற நிறுவனங்களுக்கு கேமை முடித்தால்தான் வருமானம். இங்கே முடிக்காமல் இருக்கும்போதும் வருமானம் வருகிறது. வேண்டுமென்றே தாமதிக்கிறார்கள் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் அவசரப்பட்டு முடிக்க என்ன காரணம் இருக்கிறது?

ட்ரெய்லரை எவ்வளவு நம்பலாம்?

2017 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் ஈ3 விழாவில் அதே பயோவேர் 'ஆந்தம்' என்ற கேமைக் காட்டியது. கதை, அறிவியல் புனைவு, நான்கு பேர் சேர்ந்து பறக்கும் கவச உடை. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். 2019 பிப்ரவரியில் வெளியாகி, கதையும் போதாமல், செய்வதற்கு வேலையும் போதாமல் படுத்துவிட்டது. பத்திரிகையாளர் ஜேசன் ஷ்ரையர் அந்த ஏப்ரலில் எழுதிய புலனாய்வுக் கட்டுரை பெரிய அதிர்ச்சி. ஈ3 மேடையில் காட்டிய அந்தக் காட்சி ஒரு முன்மாதிரிதான், தாங்கள் என்ன கேம் செய்கிறோம் என்பது உருவாக்கும் குழுவில் பலருக்கே அதைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது என்று அதில் வெளிவந்தது. 'ஆந்தம்' சர்வர்களை 2026 ஜனவரி 12-ல் மூடுவதாக 2025 ஜூலையில் இ.ஏ. நிறுவனம் அறிவித்தது. ஆன்லைனில் மட்டுமே ஓடும் கேம் என்பதால், மூடிய பிறகு டிஸ்க் வாங்கி வைத்திருப்பவர் கையிலும் ஒன்றும் இருக்காது.

இதே பிரச்னை வேறு கேம்களிலும் வந்தது. 2024-ல் யுபிசாஃப்ட் தனது 'தி க்ரூ' கார் பந்தய கேமின் சர்வரை மூடியபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தார்கள். அதிலிருந்து பிறந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து திரட்டியது. விற்ற கேமை மூடும்போது, ஆடக்கூடிய ஏதோ ஒரு நிலையில் விட்டுப் போக வேண்டும் என்பது கோரிக்கை.

2024 மாநாட்டில் 'ஸ்க்வாட்ரன் 42'-ன் முதல் ஒரு மணி நேரத்தை மேடையில் நேரடியாக ஆடிக் காட்டினார்கள். நடுவில் க்ராஷ் ஆனது. பலர் கிண்டலடித்தார்கள். ஆனால் 'ஆந்தம்' கதை தெரிந்தவர்களுக்கு அதில் ஒரு நிம்மதியும் உண்டு. க்ராஷ் ஆகிறது என்றால், குறைந்தபட்சம் ஓடுவது நிஜ கேம்தான்.

இந்தியாவிலிருந்து ஆடினால்?

முதலில் சட்டம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டத்துக்குப் பிறகு "இதெல்லாம் தடையா?" என்ற குழப்பம் நிறைய பேருக்கு. அந்தச் சட்டம் தடை செய்வது பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் ஆட்டங்களை. பந்தயமாக இல்லாதவரை, சந்தாவோ ஒருமுறைக் கட்டணமோ வாங்கும் பொழுதுபோக்கு கேம்களுக்கு அதில் இடம் இருக்கிறது.

அடுத்தது தூரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். போய்வர குறைந்தது 29 மில்லிசெகண்ட். ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் என்றால் 76. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் நிஜத்தில் இதைப்போல் இரண்டு மடங்குகூட ஆகலாம். சரக்கு ஏற்றிப் பிழைப்பு நடத்த இது பரவாயில்லை. நேருக்கு நேர் துப்பாக்கிச் சண்டையில் நீங்கள் சுடும் முன்பே விழுந்து கிடப்பீர்கள். எந்த அதிவேக பைபர் பிளானும் இதைச் சரிசெய்யாது, இயற்பியல் அப்படி. 'ஸ்க்வாட்ரன் 42' தனியாக ஆடும் கேம் என்பதால் இந்தத் தலைவலி அதற்கு இல்லை.

கம்ப்யூட்டர்? 16 ஜிபி ரேம் என்பது நுழைவுத் தகுதி மட்டும்தான், எஸ்.எஸ்.டி. கட்டாயம். ஆபீஸ் லேப்டாப்பில் நினைத்துப் பார்க்காதீர்கள்.

அப்போ காசு போடலாமா?

45 டாலர் என்பது சுமார் 4,000 ரூபாய், வரியும் கார்டு கட்டணமும் தனி. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த கேம் ஸ்டீமில் கிடையாது, நிறுவனத்தின் சொந்தத் தளத்தில்தான் விற்கிறார்கள். ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்ப வரும். முன்பதிவு செய்ததை வெளியாகும் முன் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். அந்தப் பாதுகாப்பு இங்கே பொருந்தாது. நிறுவனத்தின் அன்றைய விதி என்ன சொல்கிறதோ அதுதான். வாங்கும் அன்றைக்கே அந்தப் பக்கத்தை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், 2016-ல் நடந்ததற்குப் பிறகு இது அதிக ஜாக்கிரதை ஆகாது.

கதைக்காகக் காத்திருப்பவரா நீங்கள்? அப்படியென்றால் இப்போது எதையும் வாங்க வேண்டியதில்லை. 'ஸ்க்வாட்ரன் 42' வெளியாகட்டும், நாலு பேர் ஆடி முடிக்கட்டும். கதை கேம் முதல் நாள் ஆடினாலும் ஆறு மாதம் கழித்து ஆடினாலும் அதே கதைதான், விலை மட்டும் பெரும்பாலும் குறைந்திருக்கும். அதுவரை விண்வெளிக் கதைப் பசிக்கு, மேலே சொன்ன 'ஓல்ட் ரிபப்ளிக்' உளவாளி இலவசமாகக் காத்திருக்கிறார்.

நண்பர்களோடு கப்பலில் சுற்றத்தான் ஆசை என்றால், மலிவான தொகுப்புக்கு மேல் ஒரு டாலர்கூட வேண்டாம். பெரிய கப்பலை கேம் காசில் சம்பாதிப்பதுதான் அந்த கேமே. காசு கொடுத்து வாங்கிவிட்டால் அப்புறம் ஆடுவதற்கு என்ன மிச்சம்? ஆல்ஃபா என்பதால் அவ்வப்போது உங்கள் கேம் காசு, சேர்த்த பொருள் எல்லாவற்றையும் அழித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். அப்போதும் நிஜப் பணத்தில் வாங்கிய கப்பல் மட்டும் அழியாது. ஏன் என்று உங்களுக்கே புரியும்.

அதற்கும் முன், காசில்லாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வருஷத்தில் சில முறை, குறிப்பாக மே மாதமும் நவம்பரிலும் நடக்கும் கப்பல் கண்காட்சிகளின்போது, யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கிச் சில நாட்கள் இலவசமாக ஆடலாம். அந்த நாட்களில் கூட்டம் நெரியும், சர்வர் தடுமாறும், லிஃப்ட் வராமல் நிற்பீர்கள். கேமின் பிரமிப்பையும் பிரச்னையையும் ஒரே வார இறுதியில் பார்த்துவிடலாம். டவுன்லோட் மட்டும் 100 ஜிபியைத் தாண்டும். வெள்ளிக்கிழமை காலை ஆபீஸுக்குக் கிளம்பும் முன்பே போட்டுவிட்டுப் போங்கள்.